அறக்கொட்டியும் அயலார் ஆலோசனையும்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் கமக்காரர் தம் வேளாண்மையிற் காணும் குறைகளை முதலில் அயல் வயற்காரரிடமே கூறுவர். வரம்பிலும், அஸர் தொழுகையின் பின் தேநீர்க் கடையிலும் நிகழும் இவ்வுரையாடல் பயனுள்ளதே. எவ்வட்டையில் நீர் தேங்கும், எந்நிலத்தில் உவர் ஏறும் என்பவற்றை நெடுங்காலம் அம்மண்ணில் உழைத்தவரே நன்கறிவர்.

ஆயினும் இவ்வறிவுக்கு ஓர் எல்லையுண்டு. ஓர் ஊரார் அனைவரும் ஒன்றையே கண்டு ஒன்றையே செய்துவருவாராயின், அவர்களுட் பத்துப்பேரைக் கேட்டாலும் கிடைப்பது ஒரே விடைதான். அவ்விடை பிழையாயின் அதைத் திருத்துவார் அங்கு இரார்.

அறக்கொட்டி எனப்படும் கபில நிறத் தத்தி இதற்குத் தக்க சான்றாகும். இதன் தாக்கத்தால் வயலின் நடுவே நெற்பயிர் வட்டமாக மஞ்சளித்து, பின் தீய்ந்தாற்போற் காயும். உடனே மருந்தடிக்குமாறும், போதாவிடின் மீண்டும் அடிக்குமாறும் அயலார் கூறுவர். சில நாட்களுக்குத் தத்திகள் குறைந்தாற்போலத் தோன்றுவதால், அவ்வாலோசனை சரியென்றே அனைவரும் நம்புவர். சில வாரங்களில் அவை முன்னிலும் பெருகுதல் உண்டு. அப்போது மருந்துச் செலவும் வீண், விளைச்சலும் இழப்பு.

இதன் காரணம் வரம்பில் நின்று பார்ப்பவர்க்குத் தெரிவதன்று. தத்தி தன் முட்டைகளை இலைமடலின் உள்ளே இடுவதால், அவை பெரும்பாலும் மருந்துக்குத் தப்பிவிடும். ஆனால் தத்தியைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டையை உறிஞ்சும் சிறு நாவாய்ப் பூச்சிகளும் மருந்தினால் மடியும். பின்னர் பொரிக்கும் குஞ்சுகள் பகைவரின்றிப் பெருகும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லொஸ் பாஞோஸில் 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும், மருந்தடித்த பாத்திகளையும் அடியாத பாத்திகளையும் ஒப்பிட்டே இவ்வுண்மையை நிறுவினர். ஊரில் இவ்வாறு சோதித்தல் அரிது. தன் பயிரில் ஒரு பாத்தியை மருந்தடியாது விட எவர் துணிவர்? இவ்வறிவைக் கொண்டே இந்தோனேசிய அரசு 1986இல் 57 பீடைநாசினிகளை நெல்வயலில் இடுவதைத் தடைசெய்தது.

தத்தியைத் தாங்கும் நெல்லினமும் வெளியிலிருந்தே கிடைத்தது. கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33 என்னும் இனத்தை இலங்கை இனத்துடன் கலந்து, பத்தலகொடை நிலையத்தார் உருவாக்கிய பிஜி 379-2 இனம் 1980இல் வெளியிடப்பட்டது.

ஆதலால் கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நன்று:

1. வாரந்தோறும் வயலிற் பல இடங்களில் பயிரை விலக்கி, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தண்டின் அடியைப் பார்த்தல் வேண்டும். இலையை மட்டும் பார்த்தல் போதாது.

2. தத்தி காணப்படின், நீரை மூன்று நான்கு நாட்கள் வடியவிடுதல் வேண்டும்; யூரியா இடுதலாகாது. மிகையான யூரியாவும் அடர்ந்த விதைப்பும் தத்திக்கு வாய்ப்பளிப்பன.

3. வேருடன் பிடுங்கிய சில பயிர்களையும், ஒரு போத்தலிற் பிடித்த பூச்சிகளையும் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் வேண்டும். சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் வினவலாம்.

4. நெல்லினம், விதைத்த நாள், இட்ட பசளை, அடித்த மருந்து ஆகியவற்றை மறையாது கூறுதல் வேண்டும். இவை தெரியாவிடின் நிபுணரும் ஊகித்தே கூற நேரும்.

5. பெற்ற ஆலோசனையை வட்டவிதானைக்கும் அயல் வயற்காரருக்கும் தெரிவித்தல் வேண்டும். தத்தி ஒரு வயலினின்று மற்றொன்றுக்குப் பறந்து செல்லும். ஒருவர் மட்டும் திருந்துவதாற் பயன் குறைவு.

கத்தரி, மிளகாய், வெண்டி பயிரிடுவோர்க்கும் இம்முறை பொருந்தும். அறியாத பீடையொன்று தோன்றின், அதன் பெயரை அறிந்த பின்னரே மருந்து வாங்குதல் வேண்டும்.