சோம்பு மணமும் சிறு வண்டும்

செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக நடக்கும்போது திடீரெனச் சோம்பு மணம் வீசினால், அருகில் யாரோ சமைக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கோ ஒரு மரத்தில் ஆண் பாளை மலர்ந்திருக்கிறது.

செம்பனை ஒரே மரத்தில் ஆண் பாளையையும் பெண் பாளையையும் தனித்தனியே விடும். அவை பெரும்பாலும் ஒரே வேளையில் மலர்வதில்லை. எனவே, ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பெண் பூக்களைச் சென்றடைய வேண்டும். காற்றே அதைச் சுமந்து செல்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். ஆனால், மலேசியாவில் பல தோட்டங்களில் காய்ப்புப் போதவில்லை. அதனால், தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று, பெண் பாளைகளின் மீது மகரந்தத் தூளைத் தூவினர். முள் மட்டைகளுக்கு இடையே கையை நுழைத்துச் செய்யும் வேலை அது. தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நினைவிருக்கலாம்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே யாரும் தூள் தூவுவதில்லை; குலைகளோ நன்கு காய்த்தன. காரணத்தைத் தேடிக் கேமரூனுக்குச் சென்ற பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத், ஆண் பூக்களில் மொய்க்கும் கூன்வண்டுகளை ஆராய்ந்தார். அவற்றின் நீளம் சில மில்லிமீட்டர்தான். வேறு பயிர்களை அவை தாக்குமா என்று சோதித்த பிறகே, 1981ஆம் ஆண்டு ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் அவ்வண்டுகள் விடப்பட்டன.

வண்டை வழிநடத்துவது மணம். ஆண் பூக்கள் எஸ்ட்ரகோல் என்னும் வேதிப்பொருளைக் காற்றில் கலக்கின்றன. சோம்பிலும் இப்பொருள் உண்டு. நமக்கு அது வெறும் வாசனை; அந்த வண்டுக்கோ வீட்டு முகவரி. ஆண் பாளையிலேயே அது உண்கிறது, இணைகிறது, முட்டையிடுகிறது. வாடிய ஆண் பூக்களைத் தின்றே அதன் புழுக்கள் வளர்கின்றன.

பெண் பாளையில் வண்டுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆயினும், மகரந்தத்தை ஏற்கும் பருவத்தில் அதுவும் அதே மணத்தைச் சற்று மெல்லியதாக வெளியிடுகிறது. உடலெல்லாம் மகரந்தம் ஒட்டிய வண்டு, மணத்தை நம்பி அங்கே வருகிறது. பூக்களிடையே ஊர்ந்து தேடுகிறது. ஒன்றும் கிடைக்காமல் பறந்துவிடுகிறது. அதற்குள் மகரந்தம் பெண் பூவில் உதிர்ந்துவிடும். ஏமாற்று வேலைதான், ஐயமில்லை!

வண்டுகள் விரைந்து பெருகின. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான தோட்டங்களில் கையால் தூவும் வேலை நின்றது. ஆனால், இளமரங்கள் சில இடங்களில் பெண் பாளைகளையே மிகுதியாக விடுகின்றன. ஆண் பாளை குறைந்தால் வண்டு பெருக இடமேது? அத்தகைய இடங்களில் தொழிலாளர்கள் மீண்டும் மகரந்தத் தூளைக் கையில் எடுக்க நேர்கிறது.