கிடங்கின் ஈரத்தை அறிய இரு கம்பி இணைப்பு

மஞ்சள், மிளகாய், பருத்தி, நூல் சிப்பம் ஆகிய யாவற்றுக்கும் ஈரம் பகை. கிடங்குக் காற்றின் ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்கு மேல் பல நாட்கள் நீடிக்குமாயின் பூசணம் பற்றும். நஷ்டமோ சரக்கை இருப்பு வைத்த அங்கத்தினரைச் சாரும். ஆதலின், கிடங்கில் மின்னணு உணரிகளை அமைக்கக் கருதும் சங்கங்கள் அவ்வேலையின் முறையை அறிந்திருத்தல் அவசியம்.

இதற்கு ஏற்றது 1983-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஆர்.எஸ். 485 என்னும் இரு கம்பி முறையாகும். குறைந்த வேகத்தில் சுமார் 1,200 மீட்டர் தூரம் வரை செய்தி செல்லும். ஒரே தடத்தில் 32 கருவிகளை இணைக்கலாம். கம்பி பாதை என்றால், அதில் வழங்கும் மொழி 1979-இல் தோன்றிய மோட்பஸ். நமது பேரவையில் உறுப்பினர் எண்ணைச் சொல்லி அழைக்க, அந்த எண்ணுக்குரியவர் மட்டுமே விடை கூறுவது போன்றதே இதன் நடைமுறை.

1. கம்பி: ஒன்றையொன்று முறுக்கிய இரட்டைக் கம்பியையே பயன்படுத்துக. ஓர் உணரியிலிருந்து அடுத்ததற்கு என வரிசையாகச் செல்ல வேண்டும். நடுவிலிருந்து நட்சத்திரம்போல் கிளை பிரித்தல் ஆகாது. தறி மோட்டாரின் மின்கம்பியை ஒட்டி இழுத்தலும் கூடாது. ‘இரு கம்பி’ எனப் பெயர் பெற்றிருப்பினும், கருவிகளின் பொதுத்தரையை இணைக்க மூன்றாவது கம்பியும் வேண்டும்.

2. முடிவுத் தடை: தடத்தின் இரு கோடிகளில் மட்டும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று பொருத்துக. இஃதின்றேல் செய்தி கோடியில் மோதித் திரும்பி, பின்வரும் செய்தியைக் குழப்பும்.

3. விலாசம்: மோட்பஸில் 1 முதல் 247 வரை விலாசங்கள் உண்டு. புதிய உணரிகள் பெரும்பாலும் 1 என்ற விலாசத்துடனேயே வருகின்றன. அவற்றை அப்படியே சேர்த்தால் எல்லாம் ஒருங்கே விடை கூறும், ஒன்றும் விளங்காது. எனவே ஒவ்வொன்றையும் தனியே இணைத்து, வெவ்வேறு விலாசம் கொடுத்த பின்னரே தடத்தில் சேர்க்க வேண்டும். வேகம் எல்லாவற்றிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும், 9,600 போதுமானது.

4. சோதனை: மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கிடையே தடையை அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடித் தடை விடுபட்டுள்ளது. 40 காட்டினால் ஒன்று மிகுதி. தடை சரியாயிருந்தும் ஓர் உணரி விடை தரவில்லையெனில், அதன் ஏ, பி முனைகளை மாற்றிப் பார்க்கலாம். அவ்வெழுத்துக்களைத் தயாரிப்பாளர் எல்லோரும் ஒரே விதமாகக் குறிப்பதில்லை. மேலும், 284 என வரும் எண் பல கருவிகளில் 28.4 டிகிரியைக் குறிக்கும். கருவியுடன் வரும் கையேட்டைப் பார்த்தே வகுத்தல் வேண்டும்.

5. பதிவேடு: எந்த விலாசம் எந்த மூலையில் உள்ளது என்பதைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி, உணரியின் மீதும் ஒட்டி வைக்க வேண்டும். வடக்கு மூலையின் ஈரத்தைத் தெற்கு மூலையினதாகக் கொண்டால், நல்ல சரக்கைப் பெயர்த்து உலர்த்திக்கொண்டிருக்க, கெடும் சரக்கு கேட்பாரற்றுக் கிடக்கும்.

உணரி எண்ணைத்தான் கூறும், சரக்கைக் காக்காது. எண் உயர்ந்த அன்றே கதவைத் திறந்து காற்றோட்டம் தருவதா, சிப்பங்களைத் தரையினின்று உயர்த்துவதா என்று முடிவு செய்து செயற்படுவது நம் பொறுப்பு. வெளிக்காற்றில் ஈரம் மிகுந்த மழை நாளில் கதவைத் திறந்தால் தீமையே விளையும். ஆகவே, கிடங்கின் வெளியேயும் ஓர் உணரி அமைத்தல் சாலச் சிறந்தது.