பாலைவன ஜீப்பின் கித்தான் கூரை

தார்ப் பாலைவனத்தின் ஜெய்சல்மர்ப் பகுதியில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 20 சென்டிமீட்டரே. அதனாலேயே மணற்குன்றுகளிடையே செல்லும் திறந்த ஜீப்புகளின் கூரையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயின் அச்சிறு மழையும் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒரு சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கின்றது. மண் மாதிரிப் பைகளின் சீட்டுகளும் கள ஏடுகளும் நனைந்துவிட்டால், ஒரு பருவத்து உழைப்பே பாழாகும்.

கூரைக்குப் பருத்திக் கித்தான் ஏற்றது. நனைந்ததும் அதன் இழைகள் பருத்து, நெசவின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. பருத்தி நூலால் தைத்தால் ஊசித் துளைகளும் அவ்வாறே அடைபடும். நைலான் நூல் அவ்வளவு பருப்பதில்லை. மேலும் காப்பு வேண்டின், துணியை முதலில் சோப்புக் கரைசலிலும், பிழிந்தபின் படிகாரக் கரைசலிலும் தோய்த்து உலர்த்தலாம். இரண்டும் வினைபுரிந்து, நீரில் கரையாத அலுமினியச் சோப்பு இழைகளின்மீது படிகின்றது. நீர் திவலைகளாக உருண்டோடும், காற்றோ உட்புகும். இரு துணித்துண்டுகளைக் கொண்டு வகுப்பிலேயே இதனைச் செய்து காட்டலாம், மாணவர் மறவார். வினைல் பூசிய துணி நீரை அறவே தடுக்கும். எனினும் கடும் வெயிலில் நாளடைவில் விறைத்து வெடித்துவிடும்.

துணியினும் முக்கியமானது சட்டம். தொய்ந்த கூரையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் உயரம் நீர் தேங்கினால் அதன் எடை 10 கிலோகிராம். தையல் அங்கேதான் பிரியும். குன்றின் சரிவில் வண்டி கவிழுமாயின் கித்தான் எவரையும் காக்காது. அதற்கு வண்டியின் அடிச்சட்டத்துடன் பிணைத்த எஃகுக் குழாய் வளைவுகள் தேவை.

நனைந்த கித்தானைச் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பற்றும். மறுநாள் வெயிலில் விரித்து, நன்கு உலர்ந்த பின்னரே மடித்தல் வேண்டும்.