ஷுஃப்ஆ: நாம் மறந்துவிட்ட ஓர் உரிமை

தந்தை விட்டுச் சென்ற வீட்டில் மூவருக்குப் பங்கு. இருவர் அங்கேயே குடியிருக்கின்றனர். மூன்றாமவர், உடன்பிறந்தாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், தம் பங்கை அந்நியர் ஒருவருக்குக் கிரயம் செய்துவிடுகிறார். ஒரே முற்றம், ஒரே கிணறு, ஒரே வாசல்! பிறகு சச்சரவுக்குக் கேட்கவா வேண்டும்?

இத்தீங்கைத் தடுக்கவே ஷரீஅத் ‘ஷுஃப்ஆ’ என்னும் உரிமையை வகுத்துள்ளது. நிலமோ வீடோ விற்கப்படும்போது, வெளியார் கொடுத்த அதே விலையைக் கொடுத்துத் தாமே அதை எடுத்துக்கொள்ளும் முன்னுரிமைக்கே இப்பெயர். விலையைக் குறைத்துக் கேட்க இதில் இடமில்லை. அன்பளிப்பாகவோ வாரிசுரிமையாகவோ கைமாறும் சொத்தில் ஷுஃப்ஆ கிடையாது.

பங்குதாரருக்கு அறிவிக்காமல் விற்பது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எல்லை வகுக்கப்பட்டுப் பாதையும் பிரிந்துவிட்டால் ஷுஃப்ஆ இல்லை என்பதும் அவர்களது அறிவிப்பே. எனவே ஷாஃபிஈ மத்ஹபில் பங்குதாரருக்கு மட்டுமே இவ்வுரிமை. ஹனஃபீ மத்ஹபிலோ முதலில் பங்குதாரர், அடுத்து பாதை, பாசன நீர் முதலியவற்றில் கூட்டுரிமை உடையவர், பின்னர் ஒட்டிய அண்டை வீட்டார் என வரிசையாக மூவருக்கும் உண்டு. செய்தி எட்டியவுடனே கோரிக்கையைச் சொல்லி, பின் சாட்சிகள் முன் உறுதிசெய்ய வேண்டும். தாமதித்தால் உரிமை போய்விடும்.

நீதிமன்றத்தில் இது செல்லுமா? வழக்காறு இருந்தாலன்றி ஷுஃப்ஆவை அமல்படுத்த இயலாது என 1870-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அண்டை வீட்டார் என்பதற்காக மட்டும் கோரும் உரிமை அரசியல் சட்டத்துக்கு முரண் என 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் ஒரு வழி வைத்துள்ளது: பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியார் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தால், குடும்பப் பங்குதாரர் அதை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

நீதிமன்றம் வற்புறுத்தாவிட்டால் நம் கடமை நீங்கிவிடுமா? அபூராஃபிஉ (ரலி) அவர்களைப் பாருங்கள். 500 தீனார் கொடுக்க ஆள் இருந்தும், அண்டையில் இருந்த ஸஅத் (ரலி) அவர்களுக்கே குறைந்த தொகைக்கு, அதுவும் தவணையில், தம் வீட்டைக் கொடுத்தார்கள். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்ததே காரணம்.

விலை பேசுமுன் உடன்பிறந்தாரிடமும் அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்போம். அதற்கு வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.