நஜீப் மஹ்பூஸின் மூன்று மணி நேரம்

நாவல் எழுதுவது வேலையற்றவர் வேலை என்றோர் எண்ணம் நம் வணிகச் சகோதரர்களிடையே நெடுங்காலமாய் இருந்து வருகின்றது. இரவு பத்து மணிக்குக் கடையடைக்கிறவனுக்குப் பேனா பிடிக்க நேரமேது என்று கேட்போரும் உண்டு. இவ்விரு சாராரும் எகிப்து நாட்டு நாவலாசிரியர் நஜீப் மஹ்பூஸ் என்பாரின் நாட்கணக்கைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம். அரபு மொழியில் எழுதி, 1988இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அம்மொழியில் எழுதுவோர் வேறெவருக்கும் அப்பரிசு இதுவரை கிட்டவில்லை.

இத்தகையவர் 1934 முதல் 1971 வரை, 37 ஆண்டுகள், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர் என்பதே நாம் முதலிற் கவனிக்க வேண்டுவது. பகல் இரண்டு மணி வரை அலுவலகம். மாலை நான்கு முதல் ஏழு வரை எழுத்து. ஏழு முதல் பத்து வரை வாசிப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் இக்கணக்கிற் சேராது. கோடை வந்துவிட்டால் கண்ணில் ஒவ்வாமை நோய் தொல்லை கொடுக்கும். ஆகவே ஆண்டில் குளிர்ந்த மாதங்களே அவருக்கு எழுதும் மாதங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், அதுவும் ஆண்டில் பாதி. இந்தச் சிறு முதலைக் கொண்டுதான் முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களையும் ஏராளமான சிறுகதைகளையும் அவர் ஈட்டினார். நாம் கடையில் வீண்பேச்சில் கழிக்கும் நேரத்தை ஒரு வாரம் சிட்டையில் குறித்துப் பார்த்தால், மூன்று மணி எங்கே போகிறதென்று விளங்கும்.

இனி அவருக்குச் சரக்கு எங்கிருந்து கிடைத்தது என்று பார்ப்போம்.

அவர் 1911 டிசம்பர் 11இல் பழைய கெய்ரோவின் ஜமாலிய்யா வட்டாரத்தில் பிறந்தார். ஹுஸைன் பள்ளிவாசலும், கான் அல்கலீலிக் கடைத்தெருவும் பக்கத்திலேயே உள்ளன. பேறுகாலம் கடினமாகி, தாயையும் சேயையும் காப்பாற்றிக் கொடுத்தவர் நஜீப் மஹ்பூஸ் என்ற கிறிஸ்தவ மருத்துவர். நன்றி மறவாத தந்தை அவருடைய முழுப்பெயரையே பிள்ளைக்குச் சூட்டினார். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் கடைக்குட்டியான இவரைக் கையிற் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்கும், பிரமிடுகளுக்கும், பண்டைப் பொருட்காட்சிச் சாலைக்கும் ஓயாமற் போய்வருவார். படித்த தாய்மார் பலர் செய்யாத காரியம் இது.

அக்காலத்துக் காப்பிக் கடைகளில் ரபாபா என்னும் நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு வீரக்கதை சொல்லும் கிழவர்கள் இருந்தனர். சிறுவனாய் அவற்றைக் கேட்டது தம் எழுத்துக்கு வித்தானது என்று பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். 1947இல் வெளிவந்த ‘ஸுகாக் அல்மிதக்’ நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள்: வானொலிப் பெட்டி வாங்கிவிட்ட காப்பிக் கடைக்காரர், பல்லாண்டாய் வந்து பாடிய கிழக் கதைசொல்லியை இனி வரவேண்டாமென்று அனுப்பிவிடுகிறார். நம்மூர்க் கடைவீதிகளிலும் இப்படி எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம்!

வாசிப்பிலும் அவருக்குக் குறைவில்லை. பிள்ளைப் பருவத்தில் துப்பறியும் கதைகள். பிறகு மன்பலூதீ, தாஹா ஹுஸைன், தவ்பீக் அல்ஹகீம் முதலிய தம் நாட்டு எழுத்தாளர்கள். அதன் பின் டால்ஸ்டாய், புரூஸ்ட் போன்ற அயல்நாட்டார். ஸ்காட்லாந்துக்காரரான வால்டர் ஸ்காட் தம் நாட்டுச் சரித்திரத்தை நாவல்களாக்கியதைக் கண்டு, பிர்அவ்ன் காலத்து எகிப்தைப் பற்றி நாற்பது நாவல் எழுதத் திட்டமிட்டார். மூன்று எழுதியதும் அந்தத் திட்டத்தை மூடிவிட்டார். தம் தெருவில் நடப்பதை விட்டுவிட்டு, கல்லறைகளில் கதை தேடுவானேன் என்று தோன்றிவிட்டது போலும். போகாத சரக்கைக் கட்டிக்கொண்டு அழாத வியாபாரியின் புத்தி அது.

பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தத்துவம் போதித்த ஷெய்கு முஸ்தபா அப்துர் ராஸிக் (பின்னாளில் அல்அஸ்ஹரின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பெரியார்) வக்பு அமைச்சரானபோது, இவரைத் தம் செயலாளராய்ச் சேர்த்துக்கொண்டார். அந்த இலாகாவில் அவர் பார்த்த பணிகளுள் ஒன்று நமக்கு நன்கு அறிமுகமானது. ஏழைகளுக்கு வட்டியில்லாமற் கொடுக்கும் ‘கர்ளன் ஹஸனா’ திட்டத்தை, பிறந்த வட்டாரத்துக்கு அருகிலேயே இருந்த கூரீ கட்டடத்தில் அமர்ந்து கவனித்து வந்தார். கடன் கேட்டு வருவோரில் ஏழைப் பெண்கள் பலர். மேசைக்கு இப்பால் இருந்தவர் அவர்கள் குடும்பக் கதையையும் காதில் வாங்கிக்கொண்டார். தாம் பார்த்த வேலைகளிலேயே இது மகிழ்ச்சி தந்த வேலை என்பது அவர் கூற்று. கடன் புத்தகம் வைத்திருக்கும் நமக்குத் தெரியாததா? மூன்று மாதம் தவணை கேட்டு நிற்பவர் சொல்லும் காரணத்தில் ஒரு நாவலுக்குரிய விஷயம் இருக்கத்தான் செய்கிறது. நாம் தொகையை மட்டும் எழுதிக்கொள்கிறோம்.

அவருடைய பெருநூல், ‘பைனல் கஸ்ரைன்’, ‘கஸ்ருஷ் ஷவ்க்’, ‘அஸ்ஸுக்கரிய்யா’ என்னும் மூன்று பாகங்களைக் கொண்டது. மூன்றும் பழைய கெய்ரோவின் தெருப்பெயர்களே. பாத்திரங்கள் ஏராளமாகையால், குழப்பம் வராதிருக்க ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பேடு வைத்துக்கொண்டாராம். நாம் பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குவது போலத்தான். 1952 ஏப்ரலில் எழுதி முடித்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டைப் பதிப்பாளரிடம் கொண்டு போனால், இதை எப்படி அச்சிடுவது என்று அவர் மலைத்துவிட்டார். பின்னர் ஒரு பத்திரிகையில் முதற் பாகம் தொடராக வர, 1956, 1957இல்தான் மூன்றும் நூலாயின. இடையில், 1952 ஜூலையில், அரசரை அகற்றிய புரட்சி நிகழ்ந்தது. தாம் குறை கண்டு எழுதிவந்த சமுதாயமே மாறிப்போய்விட்டதென்று கருதி, ஐந்தாண்டு அளவுக்கு அவர் நாவலே எழுதவில்லை. திரைப்படங்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். சொல்ல ஒன்றுமில்லாதபோது சும்மா இருப்பதும் எழுத்தாளனுக்கு வேண்டிய பழக்கமே.

அந்நூலின் நடுநாயகம் யாரென்று நினைக்கிறீர்கள்? நஹ்ஹாஸீன் தெருவில் காப்பிக்கொட்டை, அரிசி, சவர்க்காரம் விற்கும் கடைக்காரர்: ஸெய்யித் அஹ்மது அப்துல் ஜவாத். தொழுகை தவறாதவர், கடையில் நாணயஸ்தர், நண்பரிடம் இன்முகம், இரவிலோ பாட்டும் கூத்தும். வீட்டில் மட்டும் அவர் குரல் கேட்டாலே பிள்ளைகள் நடுங்குவர். மனைவி ஆமினா, கணவர் வெளியூர் போயிருந்த சமயம், ஹுஸைன் பள்ளிவாசலுக்கு ஸியாரத் செய்ய ஒரேயொரு முறை வெளியிற் போகிறார். திரும்புகையில் மோட்டார் வண்டி இடித்து எலும்பு முறிகிறது. எலும்பு கூடும்வரை பொறுத்திருந்து, பிறகு அவரைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார் கணவர்! எம் மூத்த மகன் இந்த இடத்தை ஆங்கிலத்தில் படித்து எமக்குத் தமிழிற் சொன்னபோது, அடுப்படியில் பாத்திரம் துலக்கும் ஓசை நின்றுபோயிற்று. நாமும் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கடைக்காரரை ஆசிரியர் எங்கும் ஏசவில்லை, நேசத்துடனேயே எழுதுகிறார். ஆகையால்தான் நம்மால் தப்பிக்க முடியவில்லை. எதிர்வரிசையில் இருந்துகொண்டு நம் கடையையும் நம் வீட்டையும் இப்படியொருவர் பார்த்தெழுதினால் என்னவெல்லாம் எழுதுவார்?

இவருடைய நூல்கள் நம்மவர் படிக்கத் தகுமா என்று ஐயுறுவோர் உண்டு. 1959இல் ‘அல்அஹ்ராம்’ நாளிதழில் தொடராக வந்த ‘அவ்லாது ஹாரத்தினா’ என்னும் நாவலே அதற்குக் காரணம். நபிமார்களின் வரலாற்றை ஒரு தெருவின் கதையாக உருவகம் செய்துள்ளதென்று அல்அஸ்ஹர் உலமாக்கள் கடுமையாய் ஆட்சேபித்தனர். அவ்வுருவகம் எமக்கும் உவப்பன்று. ஆயினும் அவர்கள் இசைவின்றி எகிப்தில் அதை நூலாக்குவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டு, இறுதிவரை அந்தச் சொல்லைக் காத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1967இல் அது பெய்ரூத்தில் நூலாயிற்று. கெய்ரோவில் வெளிவந்தது அவர் மறைந்த பின்னரே. 1994 அக்டோபரில், 82 வயதுக் கிழவரான அவரை, வீட்டு வாசலில் ஓர் இளைஞன் கழுத்தில் கத்தியாற் குத்தினான். அந்நாவலைத் தான் படித்ததில்லை என்று பின்னர் அவனே சொன்னான். படிக்காத நூலுக்குத் தண்டனை கொடுக்க எந்த மதரஸாவில் கற்றானோ!

உயிர் பிழைத்தார், ஆனால் நரம்பு பாதிக்கப்பட்டு வலக்கை எழுதும் வலுவிழந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதிய கையை, மக்தபில் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை போல் மறுபடி பழக்கினார். நாள்தோறும் நோட்டுப் புத்தகத்தில் தம் பெயரையும், பெண்மக்கள் இருவர் பெயரையும் கோணல் எழுத்துகளில் எழுதிப் பார்ப்பார். நீண்ட நாவல் இனி ஆகாதென்று கண்டு, தாம் கண்ட கனவுகளைச் சில வரிகளே கொண்ட குறுங்கதைகளாக்கினார். கை ஓய்ந்த நாட்களில் வாயாற் சொல்லி எழுதுவித்தார். 2006 ஆகஸ்டு 30இல், 94ஆம் வயதில், காலமாகும் காலம்வரை அந்தக் கனவுக் கதைகள் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன.