கணக்கறிந்து கடன் கொள்

கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. அங்காடியிலும் அடுக்களையிலும் உடன் வருவது. காரிநாயனார் யாத்த கணக்கதிகாரமும் நிலம், பொன், நெல் முதலிய அன்றாடப் பொருள்களைப் பற்றியதே.

காய்கறி விற்கும் தாய் ஒருத்தி தண்டற்காரரிடம் 10,000 ரூபாய் கடன் கேட்டாள். அவர் 1,000 ரூபாயை வட்டியென முன்னரே கழித்துக்கொண்டு 9,000 ரூபாய் தருவதாகவும், நாள்தோறும் 100 ரூபாயாக 100 நாளில் அடைக்க வேண்டும் எனவும் கூறினார். "நூற்றுக்குப் பத்துத்தானே!" என்று தாய் மகிழ்ந்தாள்.

பள்ளியிற் பயிலும் மகளோ குறிப்பேட்டை எடுத்தாள். "அம்மா, நம் கைக்கு வருவது 9,000 ரூபாயே. அதுவும் நாள்தோறும் குறைந்துகொண்டே போகும். ஆகவே, 100 நாளும் நம்மிடம் சராசரியாக இருப்பது அதிற் பாதி. ஏறத்தாழ 4,500 ரூபாய். அதற்கு 100 நாள் வட்டி 1,000 ரூபாய் எனின், 365 நாளுக்கு 3,650 ரூபாய். ஆண்டு வட்டி நூற்றுக்கு 81 ஆகின்றதே!" என்றாள்.

தாய் திகைத்தாள், மறுநாள் கூட்டுறவு வங்கியை நாடினாள்.

மாணவர்களே! கடன் பெறுமுன், கைக்கு வருவது எவ்வளவு, திருப்பித் தருவது எவ்வளவு, எத்தனை நாளில் என்னும் மூன்றையும் வினவுங்கள். வினாவைத் தெளிந்தவர்க்கே விடை புலப்படும்.