ஒரே டிக்கில் ஒரு மண்டலம்

கேள்வி: தாம்பரம் மாநகராட்சியின் 5 மண்டலங்களும் 70 வார்டுகளும் என் வலைப்பக்கத்தில் செக்பாக்ஸ்களாக உள்ளன. மண்டலத்தை டிக் செய்தால் அதன் வார்டுகள் மட்டும் தேர்வாக வேண்டும். எப்படி?
— வாசகர், சேலையூர்

பதில்: மண்டலத்துக்கு ஒரு ஃபீல்ட்செட் போடுங்கள். மண்டலப் பெட்டி மாறியதும் 'குளோசஸ்ட்' மூலம் அந்த ஃபீல்ட்செட்டைப் பிடித்து, அதற்குள் மட்டும் 'குவெரிசெலக்டர்ஆல்' ஓட்டுங்கள். கிடைக்கும் பெட்டிகளுக்கு மண்டலத்தின் 'செக்டு' மதிப்பையே கொடுங்கள். செம்பாக்கம் மண்டலத்தைத் தொட்டால் பம்மல் மண்டலம் அசையாது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. ஒரு வார்டின் டிக்கை எடுத்த பிறகும் மண்டலம் முழு டிக்கோடு நின்றால், பார்ப்பவர் ஏமாறுவார். ஆகவே ஒரு வார்டுப் பெட்டி மாறும்போதெல்லாம், அந்த மண்டலத்தில் தேர்வான வார்டுகளை எண்ணுங்கள். எல்லாம் தேர்வானால் மட்டும் மண்டலத்துக்கு டிக். சில மட்டும் என்றால் 'இன்டிடர்மினேட்' பண்பை ட்ரூ ஆக்குங்கள். பெட்டிக்குள் சிறு கோடு விழும். எச்டிஎம்எல்லில் இந்தப் பண்பை எழுத முடியாது, ஜாவாஸ்கிரிப்ட்டில்தான் முடியும். அந்தக் கோடு வெறும் தோற்றம். சர்வருக்குப் போவதைத் தீர்மானிப்பது 'செக்டு' மதிப்புதான்.